தொடாத மருத்துவமும் தொடாமல் படிக்கும் மருத்துவமும்

1929ஆம் ஆண்டு. கத்தியவார் பகுதியில் ஒரு தலித் பள்ளி ஆசிரியரின் மனைவி, குழந்தை பெற்ற இரண்டாம் நாள் நோயில் விழுந்தார். மருத்துவர் சேரிக்குள் வர மறுத்தார். தாயையும் பச்சைக் குழந்தையையும் சேரிக்கு வெளியே கொண்டுவந்தார்கள். மருத்துவர் வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் கணவரிடம் கொடுத்தார். கணவர் மனைவிக்கு வைத்துப் பார்த்து, வந்த வழியிலேயே திருப்பிக் கொடுத்தார். நிமோனியா என்றார் மருத்துவர். அந்தத் தாய் பிழைக்கவில்லை. ஆசிரியரின் கடிதம் ‘யங் இந்தியா’ இதழில் வெளிவந்தது. அண்ணல் அம்பேத்கர் அதைத் தன் குறிப்புகளில் பதிவு செய்து வைத்தார்.

நாம் நடத்தும் மாலைப் படிப்பகத்துக்கு அண்மையில் இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். இருவரும் நர்சிங் மாணவிகள். தனியார் கல்லூரியில் படிப்பவள், தன் கல்லூரிக்கு வந்திருக்கும் புதிய கருவியைப் பற்றிச் சொன்னாள். கண்களை மூடும்படி தலையில் மாட்டிக்கொண்டால், எதிரே ஒரு வார்டு விரிகிறது. கட்டிலில் பிரசவித்த பெண் கிடக்கிறாள், இரத்தப்போக்கு நிற்கவில்லை. நாடி ஏறுகிறது, இரத்த அழுத்தம் இறங்குகிறது. என்ன செய்ய வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்று மாணவி முடிவெடுக்க வேண்டும். தவறினால் அந்தப் பெண் இறந்துபோவாள். ஆனால் மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். இதைத்தான் மெய்நிகர்ப் பயிற்சி என்கிறார்கள்.

அரசு நர்சிங் பள்ளியில் படிக்கும் மற்றவள் சிரித்தாள். “எங்களுக்கு ஊசி போட்டுப் பழகுற பொம்மைக்கே வரிசையில நிக்கணும், அக்கா.”

இந்தக் கருவியை நாம் பணக்காரர் விளையாட்டு என்று ஒதுக்கிவிடக் கூடாது. புதிதாகப் படிப்பவர்கள் இதுவரை யார் உடலில் கை பழகினார்கள்? பெரும்பாலும் அரசு மருத்துவமனையின் இலவசப் படுக்கையில் கிடந்த ஏழைகளின் உடலில். உடற்கூறு படிக்க மேசைக்கு வந்ததும் பெரும்பாலும் உரிமை கோர ஆளில்லாத ஏழைகளின் உடலே. மாணவரின் முதல் தவறு நம் அம்மாவின் நரம்பில் நடக்காமல் ஒரு நிழலுருவத்தின் மீது நடக்கிறது என்றால், அது நமக்குத்தான் முதல் லாபம்.

பலன் இல்லாமலும் இல்லை. 2002இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 16 இளம் அறுவை மருத்துவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கணினித் திரையில் மெய்நிகர்ப் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு இரு பிரிவினரும் உண்மையான பித்தப்பை அறுவையில் இறங்கினார்கள். பயிற்சி பெற்றவர்கள் பித்தப்பையைப் பிரித்தெடுக்கும் பகுதியை 29 விழுக்காடு விரைவாக முடித்தார்கள். தவறுகளும் பெருமளவு குறைந்தன. தலையில் மாட்டும் இன்றைய கருவி அதே வழியில் வந்ததுதான்.

ஆனால் எதைக் கற்றுத் தருகிறது என்பதோடு எதைக் கற்றுத் தரவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். காய்ச்சல் உடம்பின் சூடு, கர்ப்பிணியின் வயிற்றில் குழந்தையின் தலை இருக்கும் இடம், வியர்த்த கையில் வழுக்கும் நரம்பு, இவற்றைத் தொட்டுத்தான் அறிய முடியும். தொடத் தயங்கும் கைக்கு இந்தக் கருவி வசதியான ஒளிவிடமாகிவிடக் கூடாது. கத்தியவார் மருத்துவருக்குப் படிப்பில் குறையில்லை. நோயின் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது. மனிதரைத் தொடத்தான் அவர் படிக்கவில்லை.

அதையும் இக்கருவியால் ஓரளவு சொல்லித் தர முடியுமா? கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்ட்னி காக்பர்ன், ஸ்டான்ஃபோர்டு ஆய்வகத்தோடு சேர்ந்து 2018இல் ‘ஆயிரம் வெட்டுப் பயணம்’ என்ற மெய்நிகர்ப் படைப்பை வெளியிட்டார். அதை மாட்டிக்கொள்பவர் ஒரு கறுப்பின மனிதராகிறார். சிறுவனாக வகுப்பறையிலும், இளைஞனாகக் காவலர் முன்பும், பெரியவனாக வேலை தேடும் இடத்திலும் அவமானத்தைச் சந்திக்கிறார். நம் மருத்துவ மாணவர்களும் ஒரு நாள், வார்டில் கடைசிக் கட்டிலில் காத்திருக்கும் தலித் பெண்ணாக அமர்ந்து பார்க்கட்டும். ஊர் எது, தெரு எது என்று கேட்டதும் பேச்சின் குரல் மாறுவதைக் கேட்கட்டும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அவர்கள் பத்து நிமிடத்தில் கருவியைக் கழற்றி வைத்துவிடலாம். நாம் அதைக் கழற்ற முடியாது.

2020இல் தமிழ்நாடு கொண்டுவந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டால் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைகிறார்கள். நுழைந்த பிறகு அவர்கள் கையில் என்ன கருவி இருக்கிறது என்பதும் சமூக நீதிதான். நாம் கேட்பது மூன்று. மெய்நிகர்ப் பயிற்சிக் கூடம் அரசு மருத்துவக் கல்லூரிகளோடு நின்றுவிடாமல் அரசு நர்சிங் பள்ளிகளுக்கும் வர வேண்டும். அதில் வரும் நோயாளி நம் தமிழில், நம் வட்டார வழக்கில் வலியைச் சொல்ல வேண்டும். கருவியில் தேர்ந்த மாணவரை, மூத்தவர் துணையோடு நோயாளியின் கட்டிலருகே நிறுத்திப் பழக்காமல் சான்றிதழ் தரக் கூடாது.

மெய் என்ற சொல்லுக்குத் தமிழில் உண்மை என்றும் உடல் என்றும் பொருள். மருத்துவம் படிக்கும் தம்பி, தங்கைகளே, மெய்நிகரில் எத்தனை முறை வேண்டுமானாலும் தவறிப் பழகுங்கள். பழகிய பின் வார்டுக்குப் போய், எங்கள் பாட்டியின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பாருங்கள்.