சீறாமல் பாயும் சிறுத்தை

அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகள். ரேணிகுண்டாவில் வண்டி இறங்கும் நம்மவர்களில் பலர் பொழுது சாய்ந்த பிறகே படியேறத் தொடங்குவார்கள். வெயில் இல்லை, சுகமாக ஏறலாம் என்பது கணக்கு. சேஷாசலக் காட்டுச் சிறுத்தைக்கும் அதுவே புறப்படும் நேரம்.

2023 ஜூன் மாதம் இந்தப் பாதையில் ஒரு சிறுவனைச் சிறுத்தை கவ்விச் சென்றது. மக்கள் கூச்சலிட்டுத் துரத்தவே விட்டுவிட்டு ஓடியது, பையன் பிழைத்தான். ஆகஸ்டில் 6 வயதுச் சிறுமி ஒருத்தி பலியானாள். இரண்டு முறையும் குழந்தைகளே. ஏன்?

முதலில் கண். சிறுத்தையின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலம் உண்டு. உள்ளே வந்த வெளிச்சம் அதில் பட்டு, மறுபடியும் விழித்திரை வழியாகவே திரும்புகிறது. இரவில் டார்ச் அடித்தால் மாட்டின் கண் மின்னுகிறதே, அதே சங்கதிதான். நிறம் பிரித்தறிவதில் நம் கண் மேல். மங்கலில் அசைவைப் பிடிப்பதில் அதன் கண் மேல். நமக்கு எட்டாத கீச்சொலியும் அதன் காதுக்கு எட்டும். மீசை மயிரின் அடியிலோ நரம்பு நுனிகள். இருட்டில் புதருக்குள் தடவிப் பார்க்கும் விரல்கள் என்றே சொல்லலாம்.

மூளையின் கதை இன்னும் விசித்திரம். சூரிச் நகரில் வால்டர் ஹெஸ் என்ற விஞ்ஞானி, பூனையின் மூளைக்குள் மெல்லிய கம்பி வழியே லேசான மின்சாரம் செலுத்தினார். எதிரே நாய் இல்லாமலே பூனை முதுகை வளைத்துச் சீறியது! 1949-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1960-களில் அமெரிக்காவில் வேறோர் இடத்தைத் தூண்டிப் பார்த்தார்கள். பூனை சீறவில்லை, ஓசைப்படாமல் போய் எலியைக் கவ்வியது. ஆக, பயந்து சீறுவதற்கு ஒரு நரம்பு வழி. இரைக்காகப் பாய்வதற்கு வேறு வழி. சிறுத்தையும் பூனை இனமே. உறுமல் கேட்டால் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரைக்கு வருகிற சிறுத்தை உறுமாது.

கூட்டமாக, நிமிர்ந்து, பேசிக்கொண்டு போகிறவர்களை அது நெருங்குவது அபூர்வம். பெரியவர்களை விட்டு முன்னால் தனியே ஓடும் பிள்ளையோ, உயரத்தில் மான் குட்டி அளவு. அந்த ஓட்டமே அதன் நரம்பைச் சுண்டிவிடும்.

15 வயதுக்கு உட்பட்டவர்களைப் பகல் 2 மணிக்கு மேல் படிப்பாதையில் விடுவதில்லை என்று 2023-ல் தேவஸ்தானம் அறிவித்தது. நடப்பவர்களுக்குக் கைத்தடியும் கொடுத்தது. தடியைக் கண்டு சிரித்தவர்கள் உண்டு. ஆனால் தடியை உயர்த்தினால் ஆள் பெரிதாகத் தெரியும். படியில் தட்டினால் சத்தம் கேட்கும். பதுங்கி வேட்டையாடும் மிருகம், தன்னைப் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தால் பெரும்பாலும் பின்வாங்கிவிடும்.

வழியில் எறியும் சோற்றுக்கு நாயும் காட்டுப்பன்றியும் வருகின்றன. அவற்றைத் தேடிச் சிறுத்தை வருகிறது. சோற்றை எறிந்தவர் அதற்குள் மேலே போய்த் தரிசன வரிசையில் நின்றிருப்பார்.