பியர்ச்சாலையிற் கற்ற சொற்கள்

மதுவிலக்குக் கூட்டங்களிலே மேடையேறிப் பேசிய ஒருவன் பியர் காய்ச்சும் முறைபற்றிக் கட்டுரை எழுத முன்வந்தால் நண்பர்கள் நகைக்கக்கூடும். நான் மதுவை நாவில் வைத்தவனல்லன். இனி வைக்கும் எண்ணமும் இல்லை. ஆயினும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இரசாயனம் கற்பித்தவன் என்ற முறையில் அந்தத் தொழிலுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அதைவிடப் பெரிய கடன் ஒன்று என் பழைய மாணவன் ஒருவனுக்கு உண்டு. இரண்டையும் சேர்த்தே இங்கு சொல்லவேண்டியிருக்கிறது.

2018ஆம் ஆண்டுக் கோடையில் இங்கிலாந்தில் வாழும் என் மகள் வீட்டிற்குச் சென்றிருந்தேன். மருமகனுடைய நண்பரான ஆங்கிலேயர் ஒருவர் பேர்ட்டன் நகரிலே சிறிய பியர்ச்சாலை ஒன்றை நடத்திவந்தார். "மாமா, நீங்கள் வகுப்பிலே படிப்பித்ததையெல்லாம் அங்கே கண்ணாலே காணலாம், வாருங்கோ" என்று மருமகன் அழைத்தார். நொதித்தலைப் பற்றி எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதியவன், அது நிகழும் இடத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. குறிப்பேடு ஒன்றை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

பேர்ட்டன், திரெண்ட் நதிக்கரையில் உள்ள ஊர். அதன் நிலத்தடி நீரிலே ஜிப்சம், அதாவது கல்சியம் சல்பேற்று, மிகுதியாக உண்டு. பியரின் கசப்பைத் துலக்கிக் காட்டுவது அந்நீர். 19ஆம் நூற்றாண்டில் இவ்வூரின் வெளிறிய பியர் இந்தியாவரை கப்பலேறிற்று. பிற ஊரார் தங்கள் நீரிலே ஜிப்சம் கலக்கும் வேலைக்குப் 'பேர்ட்டனாக்கல்' என்றே பெயர் வைத்தார்கள். நம்மவர் பாணிலே பூசி உண்ணும் மாமைட் 1902இல் இவ்வூரிலேதான் பிறந்தது. பியர்ச்சாலைகளில் எஞ்சிய மதுவமே அதன் மூலப்பொருள். மதுவின் வாடை வீட்டுவாசலைத் தீண்டவிடாத என் தாயார், காய்ச்சலால் எழும்பிய பிள்ளைகளுக்கு அதையே சுடுநீரிற் கரைத்துத் தந்ததை எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

இத்தகைய சிறு சாலைகள் இடைக்காலத்தில் அருகிப்போயின. பெருங்கம்பனிகள் சிறியனவற்றை வாங்கி மூடின. 1971இல் இங்கிலாந்திலே பழைய முறைப் பியரைக் காக்க ஓர் இயக்கம் எழுந்தது. 1976இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜாக் மக்கோலிப் என்பவர் நியூ அல்பியன் என்ற சிறு சாலையை அமைத்தார். அது சில ஆண்டுகளே நிலைத்ததாயினும் பின்வந்தோர்க்கு வழிகாட்டிற்று. கைவினைப் பியர் என்று இன்று உலகெங்கும் சொல்லப்படுவது இவ்வாறு கிளைத்ததே.

என் குறிப்பேட்டின் முதல் வரியிலேயே தடங்கல் வந்தது. 'பியர் வடித்தல்' என எழுதினேன்; உடனே வெட்டினேன். வடிப்பது சாராயம். பியரை வடிப்பதில்லை. நாம் கூழ் காய்ச்சுவது போலவே அவர்கள் பியர் காய்ச்சுகிறார்கள். இந்தத் திருத்தம் எனக்கு ஒரு திறவுகோலாயிற்று. அன்று நான் கேட்ட சொற்களிற் பல ஆய்வுகூடத்திலே பிறந்தவையல்ல. அடுப்படியிலும் களஞ்சியத்திலும் பிறந்தவை.

கள்ளுக்கும் பியருக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் அறிதல் நன்று. பனையின் பாளையிலிருந்து சொட்டும் நீரிலே வெல்லம் ஆயத்தமாக இருக்கிறது. பார்லி மணியிலோ மாப்பொருள்தான் இருக்கிறது; மதுவம் அதை உண்ணாது. மாப்பொருளை முதலில் வெல்லமாக்கவேண்டும். பியர்ச்சாலையின் வேலையிலே பாதி இதுதான். சொற்களிலே பாதியும் இதற்கானவைதாம்.

முதலாவது சொல் 'மோல்ட்'. பார்லியை ஏறக்குறைய இரண்டு நாள் நீரில் ஊறவைத்து, நாலைந்து நாள் முளைக்கவிட்டு, பின்னர் சூட்டிலே உலர்த்தி முளையை நிறுத்திய தானியமே மோல்ட். பயறு முளைகட்டத் தெரிந்த எந்தப் பெண்ணுக்கும் இதன் முற்பாதி விளங்கும். மணி தன் குருத்துக்காக மாப்பொருளைக் கரைக்கும் நொதியங்களை ஆக்குகிறது. அவை ஆகிய பின் நாம் முளையை நிறுத்திவிடுகிறோம். மெல்லச் சூடேற்றினால் வெளிறிய மோல்ட், கடுமையாக வறுத்தால் கறுத்த மோல்ட். பியரின் நிறமெல்லாம் பெரும்பாலும் இந்த வறுவலின் நிறமே.

மோல்டை உடைத்தால் அது 'கிரிஸ்ட்'. நமது குறுணல் என்ற சொல் இதற்குப் போதும். மாவாக அரைத்தல் ஆகாது. உமி சிதையாமல் இருந்தால்தான் பின்னர் அதுவே வடிகட்டியாகும். தண்ணீருக்கு அங்கே 'லிக்கர்' என்று பெயர். தண்ணீர் என்று சொன்னால் அது தரை கழுவுவதற்குரியது என்றார் அந்த நண்பர்.

குறுணலைச் சுடுநீரோடு கலந்து 65 முதல் 68 பாகை செல்சியஸ் வரையான சூட்டிலே ஒரு மணிநேரம் வைப்பர். இது 'மாஷ்'. பார்வைக்குக் கூழேதான். இங்கே நொதியங்கள் வேலை செய்கின்றன. சூடு சற்றுக் குறைந்தால் மதுவம் உண்ணத்தக்க வெல்லம் மிகுந்து பியர் மெலியும். சற்றுக் கூடினால் மதுவத்தால் உண்ணமுடியாத பகுதிகள் எஞ்சிப் பியர் தடிப்பாகும். மூன்று நான்கு பாகையிலே சுவை மாறிவிடுகிறது. மாப்பொருள் தீர்ந்ததா என்று பார்க்க அவர் ஒரு துளியை வெள்ளைத் தட்டிலே விட்டு அயடீன் சேர்த்தார். நீலக் கறுப்பு நிறம் தோன்றவில்லை. வாழைக்காய்த் துண்டிலும் சோற்றிலும் ஆண்டுதோறும் நான் செய்துகாட்டிய அதே பரிசோதனை!

1833இல் பிரான்ஸ் நாட்டு இரசாயனர் பேயன், பெர்சோ என்னும் இருவர் மோல்டிலிருந்தே 'டயஸ்டேஸ்' என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். மனிதர் கண்டறிந்த முதல் நொதியம் அது. இன்று நொதியங்களின் பெயரெல்லாம் 'ஏஸ்' என முடிவது அந்தப் பெயரின் வாலைப் பிடித்துத்தான். நொதியத்திற்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'என்சைம்' என்ற சொல்லுக்குக் கிரேக்க மொழியில் 'மதுவத்தினுள் இருப்பது' என்பது பொருள். நொதித்தலிலிருந்து நொதியம் என்று நம்மவர் ஆக்கிய சொல்லும் அதே வழியிற் சென்றிருப்பது கருதத்தக்கது.

கூழிலிருந்து இறங்கும் இனிப்பு நீர் 'வோர்ட்'. முதலிலே தடித்த நீர் இறங்கும். பின்னர் மேலிருந்து சுடுநீரைத் தெளித்து, சக்கையிலே தங்கிய இனிப்பையும் கழுவி எடுப்பர். இதற்கு 'ஸ்பார்ஜ்' என்று பெயர். முதற்பாலும் கப்பிப்பாலும் பிழியும் எங்கள் அடுப்படியிலே இதற்குத் தனிச்சொல் தேடத் தேவையில்லை. முற்காலத்தில் முதல் நீரிலே வலிய பியரும் பின்னீரிலே மெல்லிய பியரும் காய்ச்சினராம். எஞ்சும் சக்கை மாடுகளுக்குப் போகிறது.

வோர்ட்டை ஒரு மணிநேரமோ சற்றுக் கூடவோ கொதிக்கவைத்து, ஹொப் என்னும் கொடியின் பெண்பூவை இடுவர். தொடக்கத்தில் இட்ட பூ கசப்பைத் தரும். இறக்கும் தறுவாயில் இட்டது மணத்தைத் தரும். கறிக்குத் தாளிதத்தைக் கடைசியிலே சேர்ப்பவர்களுக்கு இதன் நியாயம் தெரியும். பின்பு நீரைச் சுழலவிட, மண்டியெல்லாம் பாத்திரத்தின் நடுவிலே கூம்பாகக் குவிகிறது. ஓரத்திற்கு ஒதுங்கவேண்டியது நடுவிலே ஏன் கூடுகிறது? கலக்கிய தேநீர்க் கோப்பையில் தூளும் இப்படித்தான் கூடுகிறது. ஆறுகள் வளைவதன் காரணத்தை ஆராய்ந்த 1926ஆம் ஆண்டுக் கட்டுரையிலே ஐன்ஸ்டைன் இதற்கு விளக்கம் தந்தார்: அடியிலே உராய்வினால் சுழற்சி தளர, அங்குள்ள நீர் நடுவை நோக்கி ஓடித் தூளையும் இழுத்துச் செல்கிறது.

நீரை விரைந்து ஆற்றி, 20 பாகையளவிற்குக் கொண்டுவந்த பிறகு மதுவத்தை விடுவர். ஆங்கிலத்தில் இதனைப் 'பிட்ச்' என்கின்றனர். வீசிவிடுதல் என்ற பொருளுடைய சாதாரணச் சொல். "மதுவம் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டேன். நண்பர் அடுத்த தொட்டியின் மூடியைத் திறந்தார். நுரை மலைபோல் எழுந்து நின்றது. அதை அகப்பையால் வழித்து ஒரு வாளியிலே சேர்த்தார். "சென்ற முறையின் நுரை இம்முறைக்கு, இம்முறையினது அடுத்த முறைக்கு" என்றார்.

அந்த வாளியைப் பார்த்தபோதுதான் என் நெஞ்சு சுருக்கென்றது.

1974ஆம் ஆண்டு வடமராட்சியிலே ஒரு பாடசாலையிற் படிப்பித்தேன். பத்தாம் வகுப்புத் தவணைப் பரீட்சையில் 'நொதித்தல் என்றால் என்ன?' என்று கேட்டிருந்தேன். பத்துப் புள்ளி. வெல்லம் மதுவத்தின் நொதியங்களால் எதைல் அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாறுதல் என்பது நான் எதிர்பார்த்த விடை. பின்வாங்கிலிருந்த ஒரு மாணவன் இப்படி எழுதியிருந்தான்: "முதல்நாள் மண்டி கிடக்கும் முட்டியிலே நீர் விழுந்தால் கெதியாகப் பொங்கும். சுண்ணாம்பு பூசின முட்டியிலே பொங்காது, இனிப்பாகவே இருக்கும். பொங்கினால் நுரை வரும், இனிப்புக் குறையும், வெறி வரும்."

அவன் தந்தை மரமேறுபவர். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அந்த விடையை வகுப்பிலே உரத்து வாசித்தேன். 'இது கொட்டில் பேச்சு' என்று சிவப்பு மையால் எழுதிச் சுழியம் இட்டேன். வகுப்புச் சிரித்தது. அடுத்த தவணை அவன் வரவில்லை. அதனாற்றான் நின்றானோ, வேறு காரணமோ, நான் விசாரிக்கவில்லை. விசாரிக்காமல் விட்டதே என் பெருங்குற்றம்.

இப்பொழுது அந்த விடையை ஆராய்ந்து பாருங்கள். முதல்நாள் மண்டி என்பது உயிருள்ள மதுவம். பேர்ட்டன் நண்பரின் வாளியிலே இருந்தது அதுவே. மதுவம் உயிர்ப்பொருள் என்பதை லூயி பாஸ்டர் நிலைநாட்டி, பியரைப் பற்றிய தம் நூலை 1876இல் வெளியிட்டார். 1516இல் பவேரியாவிலே பியருக்கெனச் செய்த புகழ்பெற்ற சட்டம் பார்லி, ஹொப், நீர் என மூன்றையே குறிப்பிட்டது. உண்மையில் வேலை செய்த நாலாவதன் இயல்பை அறிந்தாரில்லை. முட்டியைக் கழுவாமல் விட்டால் என்ன நிகழும் என்பதை என் மாணவன் அறிந்திருந்தான்.

சுண்ணாம்பு பூசின முட்டியோ கார அமிலத் தன்மையைப் பற்றியது. காரம் ஏறிய நீரிலே மதுவம் வளராது. இத்தன்மையை அளக்க நாம் வகுப்பிலே கற்பிக்கும் பீஎச் அளவுகோலை 1909இல் வகுத்தவர் சோரன்சன். அவர் கடமையாற்றிய இடம் கோப்பன்ஹேகனில் கார்ல்ஸ்பேர்க் பியர்க் கம்பனியார் நிறுவிய ஆய்வுகூடம். அங்கேயே 1883இல் ஹான்சன் என்பவர் ஒற்றைக் கலத்திலிருந்து தூய மதுவத்தை வளர்த்திருந்தார். புள்ளிவிபரவியலாரும் பியர்ச்சாலைக்குக் கடன்பட்டவர்களே. டப்ளின் நகரின் கின்னஸ் பியர்ச்சாலையில் வேலைபார்த்த கொசெற், சிறு மாதிரிகளைக் கணிக்கும் தம் முறையை 1908இல் 'மாணவன்' என்ற புனைபெயரில் வெளியிட்டார்.

மூன்றாவது வாக்கியத்தை அந்த நண்பர் நாள்தோறும் ஒரு கண்ணாடி மிதவையால் அளக்கிறார். இதைக் 'கிராவிட்டி' என்பர், அடர்த்தி என்போம். தொடக்கத்தில் 1.050 என நின்ற நீர் முடிவில் 1.010 ஆகிறது. வேறுபாட்டை 131ஆற் பெருக்கினால் அற்ககோல் நூற்றுக்கு ஏறக்குறைய 5 எனக் கிடைக்கும். இனிப்புக் குறைய வெறி வரும் என்பதன் கணித வடிவம் இது.

எஞ்சியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 20 பாகையை அடுத்த சூட்டிலே, நுரையாக மேலெழும் மதுவத்தால் ஆவது 'ஏல்'. 10 பாகையை அடுத்த குளிரிலே மெதுவாக நொதித்து, வாரக்கணக்கிலே குளிரில் வைக்கப்படுவது 'லாகர்'. ஜெர்மன் மொழியிலே சேமித்து வைத்தல் என்று பொருள். இடையிலே வெண்ணெய் மணமுடைய ஒரு பொருள் தோன்றும். அவசரப்பட்டு இறக்கினால் அது தங்கிவிடும். பொறுத்திருந்தால் மதுவமே அதை மீள உட்கொள்ளும். கலங்கலைத் தெளிவிக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையை இடுவது பழைய வழக்கம். தேற்றாங்கொட்டையால் நீரைத் தெளிவித்த நமக்கு இது புதுமையன்று.

வீடு திரும்பும் வழியிலே குறிப்பேட்டைப் புரட்டினேன். கூழ், குறுணல், கப்பி, மண்டி, நுரை, தேற்று என்று ஒரு பக்கம் நிறைந்திருந்தது. கலைச்சொல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நொதியம் என்ற சொல் இல்லாமல் நாம் பேயனையும் பாஸ்டரையும் கற்பிக்க முடியாது. நொதித்தல் என்ற சொல்லை அந்தப் பிள்ளைக்கு நான் மேலதிகமாகக் கொடுத்திருக்கவேண்டும். அவன் வைத்திருந்த சொற்களைப் பறித்துவிட்டுக் கொடுக்க முனைந்தேன். ஈற்றில் இரண்டும் இல்லாமற் போயின.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை தன் வீட்டுச் சொல்லிலே விடை எழுதினால், சிவப்புப் பேனாவை எடுக்கமுன் அவன் சொல்வது உண்மையா என்று பாருங்கள். அந்த விடைத்தாள் இன்று என் கையிற் கிடைத்தால் பத்துக்கு எட்டு இடுவேன். சமன்பாடு எழுதாததற்காக இரண்டைக் குறைப்பேன். அவனை அருகில் இருத்தி, அதையும் எழுதிக் காட்டுவேன்.