பதக்கம் பறிபோனது, விசில் கைக்கு வந்தது!

தஞ்சாவூரில் பஸ் ஏறினால் கந்தர்வக்கோட்டை தாண்டிப் புதுக்கோட்டை. அந்த மாவட்டத்துக் கத்தக்குறிச்சி கிராமத்துப் பொண்ணுதான் சாந்தி சவுந்தரராஜன். பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளிகள்.

2006-ல் தோகா ஆசிய விளையாட்டு. பெண்கள் 800 மீட்டர் ஓட்டத்தில் சாந்திக்கு வெள்ளி! ஆனால் சில நாளிலேயே இடி விழுந்தது. பாலினச் சோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்துவிட்டார்கள்.

ஓட்டம் போச்சு. சாந்தி ஓயவில்லை. தமிழக அரசு தந்த ரூ.15 லட்சம் பரிசுப் பணத்தைக் கொண்டு பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்தார். வறுமை விடவில்லை. 2012-ல் அவரே சூளையில் கல் சுமந்தார்!

பிறகு பெங்களூரில் பயிற்சியாளர் பட்டயம் படித்தார். 2016-ல் தமிழக அரசு நிரந்தரத் தடகளப் பயிற்சியாளர் வேலை கொடுத்தது.

போன பதக்கம் திரும்பி வரலே. ஆனால் விசில், சாந்தி கைக்கு வந்துவிட்டது!