வீட்டுக்குள் ஓடும் 21 நாள் கணக்கு

எங்கள் வீட்டு அடுக்களைச் சுவரில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டர் தொங்கும். அதன் கட்டங்களில் பால் கணக்கு எழுதுவது அம்மாவின் வழக்கம். அரை லிட்டருக்கு ஒரு கோடு, விருந்தாளி வந்த நாளில் இரண்டு. மார்பகப் புற்றுநோய் என்று பயாப்ஸி முடிவு வந்த மாதத்தோடு அந்தக் கோடுகள் நின்றுபோயின. முதல் கீமோ ஏற்றிவிட்டு வந்த இரவு, அப்பா ஒரு பென்சிலைத் தேடி எடுத்து அன்றைய கட்டத்தில் ‘1’ என்று எழுதினார். மறுநாள் ‘2’. 21 முடிந்துவிட்டால் அடுத்த கீமோ, மறுபடியும் ‘1’.

புற்றுநோய் வந்த வீட்டில் நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறி வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். அதில் பாதிக்கு ஒரு ஒழுங்கு உண்டு, முன்கூட்டியே தெரிந்துகொண்டு தயாராக இருக்க முடியும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டோம். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரே மாதத்தில் மூன்று அம்மா

கீமோ மருந்து, வேகமாகப் பெருகும் செல்களைத் தேடி அடிக்கிறது. புற்றுச் செல்கள் அப்படிப் பெருகுபவை. முடியின் வேர், வாய் மற்றும் குடலின் உட்புறம், எலும்பு மஜ்ஜையில் இரத்த அணுக்கள் உருவாகும் இடம் ஆகியவற்றிலும் செல்கள் அப்படித்தான் பெருகுகின்றன. அதனால் அவையும் அடி வாங்குகின்றன. அவை தேறி எழுவதற்காகத்தான் இடைவெளி விடுகிறார்கள். மருந்தைப் பொறுத்துச் சிலருக்கு வாரா வாரம், சிலருக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. அம்மாவுக்கு மூன்று வாரம்.

முதல் இரண்டு நாளும் அம்மா துறுதுறுவென்று இருப்பாள். முகம் சிவந்திருக்கும், பேச்சு நிற்காது. இரவு ஒரு மணிக்குச் சமையல் மேடையில் ஏறாத குறையாக டப்பாக்களைத் துடைத்துக்கொண்டிருப்பாள். மருந்து ஒத்துக்கொண்டுவிட்டது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். வாந்தியைத் தடுக்கக் கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டின் வேலை அது. தூக்கத்தைக் கெடுக்கும், சட்டென்று கோபமும் வரவைக்கும். அதன் வேகம் இறங்கியதும் நான்காம் நாள் ஆள் துணிபோலத் துவண்டுவிடுவாள். தலையைத் தூக்க முடியாத அசதி, குமட்டல், மலச்சிக்கல். இரண்டாவது வாரத்தில் வாய்ப்புண். மூன்றாவது வாரம் பிறந்தால் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து வாழைப்பூ ஆய்வாள்.

அந்த முதல் சுற்றின் ஐந்தாம் நாள். நாற்பது வயதுவரை காபிகூடப் போட்டறியாத அப்பா கஞ்சி காய்ச்சி, உப்புப் போட்டு, எவர்சில்வர் கிண்ணத்தில் ஆற்றிக்கொண்டு வந்தார். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டுத் தள்ளினாள். “என்னங்க இது, இரும்பை நக்குற மாதிரி இருக்கு!” அப்பா ஒன்றும் பேசாமல் போய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கீமோ எடுப்பவர்களில் பலருக்கு நாக்கில் அந்த உலோகச் சுவை வரும் என்பதை அடுத்த முறை நர்ஸ் சொல்லித்தான் அறிந்தோம். பீங்கான் கிண்ணத்துக்கும் பிளாஸ்டிக் கரண்டிக்கும் மாறினோம். சூடான சாப்பாட்டின் வாசனை குமட்டலைக் கிளப்பும் என்பதால் சோற்றை நன்றாக ஆறவைத்தோம். தாளிக்கும்போது அம்மாவின் அறைக் கதவைச் சாத்தினோம். சின்ன மாற்றங்கள்தாம். ஆனால் ஐந்தாம் நாள் சண்டை அதற்குப் பிறகு வரவில்லை.

அம்மாவுக்கு ஏற்றிய மருந்துகளில் ஒன்று நல்ல சிவப்பாக இருக்கும். அது ஏறிய பிறகு ஓரிரு நாள் சிறுநீரும் சிவந்து போகும். முதல் முறை ரத்தம் என்று பயந்து அம்மா குளியலறைக்குள்ளிருந்து கூப்பிட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. என்னென்ன வரும், எந்த நாளில் வரும், எதற்கு உடனே ஓடிவர வேண்டும் என்ற மூன்று கேள்விகளை முதல் கீமோவுக்கு முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பதினாறாம் நாள் தலையணையில் முடி கொத்தாகக் கிடந்தது. அம்மா அழவில்லை. எப்போதும் சீப்பில் வரும் முடியைச் செய்வதுபோல அதை விரலில் சுற்றி உருட்டி, ஜன்னல் கம்பி இடுக்கில் சொருகினாள். பிறகு இன்னொரு உருண்டை. மூன்றாவதற்கு இடமில்லை. கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

பிள்ளைகளிடம் மறைத்தால்

தம்பி அப்போது பத்தாம் வகுப்பு. படிப்பு கெட்டுவிடும் என்று அவனிடம் “அம்மாவுக்கு ஒரு கட்டி, எடுத்துட்டாச் சரியாயிடும்” என்று மட்டும் சொல்லி வைத்திருந்தோம். அவன் ஆஸ்பத்திரி ஃபைலைப் பிரித்துப் படித்துவிட்டான். அம்மா செத்துப்போகப் போகிறாள், அதனால்தான் மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டு ஒரு வாரம் தனியாக அதைச் சுமந்திருக்கிறான். உண்மையைவிடப் பயங்கரமான ஒன்றை நாங்கள்தான் அவன் கையில் கொடுத்திருக்கிறோம்.

பிறகு அம்மாவே அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து நோயின் பெயரைச் சொன்னாள். எத்தனை கீமோ, எப்போது ஆபரேஷன், என்ன ஆகலாம் என்று தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். ஒரு வேலையும் கொடுத்தாள்: தினமும் காலையும் மாலையும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, காலண்டரில் நாள் எண்ணுக்குக் கீழே குறிப்பது. அன்றிலிருந்து அவன் வீட்டில் நடமாடும் விதமே மாறிப்போனது.

பத்தாம் நாள் காய்ச்சல்

கீமோ ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரையில்தான் பெரும்பாலும் இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். ‘கவுண்ட் இறங்கிடுச்சு’ என்று வார்டில் பேசிக்கொள்வது இதைத்தான். கிருமியை எதிர்க்கும் படை குறைந்திருக்கும் நேரம் அது. சாதாரணமாக ஒரு கஷாயத்தில் போகும் தொற்றுகூட அப்போது சில மணி நேரத்தில் இரத்தம் முழுக்கப் பரவி உயிரை எடுத்துவிடலாம். சீழ், வீக்கம் என்று வெளியே எதுவும் தெரியாமலும் போகலாம், ஏனென்றால் அவற்றை உண்டாக்குவதும் அதே வெள்ளை அணுக்கள்தாம். பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் அறிகுறி.

இரண்டாவது சுற்றின் பத்தாம் நாள் இரவு ஒன்பதரை மணிக்குத் தம்பி 101 என்று படித்தான். லேசான காய்ச்சல்தானே, ஒரு பாராசிட்டமால் போட்டுவிட்டு விடிந்ததும் போகலாம் என்றேன் நான். தம்பிதான் ஃபைலின் பின்னட்டையில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தான். “மாத்திரை போடாதீங்க, இப்பவே கிளம்பி வாங்க” என்றார்கள். நள்ளிரவுக்குள் அம்மாவின் கையில் ஆன்டிபயாடிக் ஏறிக்கொண்டிருந்தது. ஐந்து நாள் படுக்கை. நான் சொன்னதைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இன்றும் கை நடுங்குகிறது.

கீமோ எடுப்பவருக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் தொட்டால் அது அவசரம். இரவா பகலா என்று பார்க்கக் கூடாது. டாக்டரைக் கேட்காமல் காய்ச்சல் மாத்திரை கொடுக்கக் கூடாது, அது காய்ச்சலை மூடிமறைத்துவிடும். குளிர் நடுக்கம் வந்தாலும் கிளம்பிவிட வேண்டும். அந்த வாரத்தில் பழைய சோறு, ரோட்டோர ஜூஸ், சளி பிடித்த விருந்தாளி எதுவும் வேண்டாம். கொதித்து ஆறிய தண்ணீர், புதிதாகச் சமைத்த சாப்பாடு, அடிக்கடி சோப்புப் போட்டுக் கை கழுவுவது, இவை போதும்.

தனி டம்ளர்

பார்க்க வந்த உறவுக்காரப் பெண்மணி ஒருவர் எங்கள் வீட்டில் காபி குடிக்கவில்லை. போகும்போது என்னைத் தனியே அழைத்து, “அவங்க டம்ளரைத் தனியா வச்சிருக்கீங்கல்ல?” என்று கேட்டார். அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. அடுத்த வேளையிலிருந்து தன் தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்துத் தனியே வைக்க ஆரம்பித்தாள். நோய் தந்த எந்த வலியையும்விட அந்தத் தட்டைப் பார்ப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

புற்றுநோய் ஒட்டாது. தொட்டால், கட்டிக்கொண்டால், ஒரே தட்டில் சாப்பிட்டால், ஒரே பாயில் படுத்தால் வராது. கவனம் வேண்டியது ஒன்றே ஒன்றில்தான். கீமோ ஏறிய பிறகு பொதுவாக 48 மணி நேரம் வரை சிறுநீர், மலம், வாந்தியில் மருந்து கலந்து வரும். அவற்றைத் துடைப்பவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும், கழிப்பறையில் இரண்டு முறை தண்ணீர் விட வேண்டும். அது மருந்துக்கான ஜாக்கிரதை, நோய்க்கானது இல்லை.

முள்சீத்தாப்பழம், பெயர் தெரியாத பொடிகள் என்று அன்போடு கொண்டுவருபவர்களும் உண்டு. சில மூலிகைகள் கீமோ மருந்தின் வேலையைக் கெடுக்கலாம், ஈரலைப் பாதிக்கலாம். எதைக் கொடுப்பதானாலும் முதலில் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கூட இருப்பவரின் உடம்பு

நான்காவது கீமோவின்போது வார்டு வாசலில் அப்பா மயங்கி விழுந்தார். இரண்டு மாதமாகத் தன் பிரஷர் மாத்திரையைப் போடவே இல்லை. கேட்டால், “அவ கஷ்டத்துக்கு முன்னாடி எனக்கென்ன” என்றார். ஆஸ்பத்திரிகளில் துணைக்கு இருப்பவரை ‘அட்டெண்டர்’ என்று அழைப்பார்கள். அந்த அட்டெண்டருக்கும் தூக்கம் வேண்டும், மாத்திரை வேண்டும், வாரத்தில் ஒரு பொழுதாவது வேறு ஒருவர் வந்து மாற்றிவிட வேண்டும். “ஏதாவது வேணும்னா சொல்லுங்க” என்று கேட்கும் உறவினரிடம் கூச்சப்படாமல் ஒரு கிழமையைச் சொல்லிவிடுங்கள். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா செவ்வாய்க்கிழமை சாப்பாட்டை எடுத்துக்கொண்டார். அந்த ஒரு நாள் எங்களுக்கு எவ்வளவு பெரியது! மனம் தாங்காமல் போனால் 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

பணமும் வீட்டைத் தின்னும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. சிகிச்சைக்குப் போகும் ரயில் பயணத்தில் நோயாளிக்கும் துணைக்கும் சலுகை உண்டு. இவற்றைச் சிகிச்சை தொடங்குமுன்பே ஆஸ்பத்திரிக் காப்பீட்டுப் பிரிவில் விசாரித்துவிடுவது நல்லது.

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பிறந்ததே இப்படிக் கூட இருந்து பார்த்த ஒரு அக்காவின் துயரத்திலிருந்துதான். 1923-ல் தங்கை புற்றுநோயில் இறந்ததை அருகிலிருந்து பார்த்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, முப்பதாண்டுகள் விடாமல் முயன்று 1954-ல் 12 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். தங்கைக்கு வந்தது வயிற்றுக்கடுப்பு என்றே முதலில் நினைத்தார்களாம். நோய் தெரியத் தாமதமாவது எங்கள் வீட்டிலும் நடந்தது: அம்மா தன் கட்டியை நான்கு மாதம் யாரிடமும் சொல்லவில்லை.

கீமோ முடிந்த பிறகு

ஆபரேஷன் முடிந்து, வாரத்துக்கு ஐந்து நாள் ரேடியேஷன். எங்கள் பக்கம் அதைக் ‘கரண்ட் வைக்கிறது’ என்பார்கள். கரண்ட் என்ற சொல்லுக்கே அம்மா பயந்தாள். சில நிமிடக் கதிர்வீச்சுதான், வைக்கும்போது வலிக்காது. நாள் போகப் போகத் தோல் கருத்தது, அசதி கூடியது.

அதுவும் முடிந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று எதிர்பார்த்தோம். அப்படி ஆகவில்லை. அசதி மாதக்கணக்கில் நீடித்தது. விரல் நுனி மரத்துப்போனதில் பூ தொடுக்க வராமல் அம்மா நூலைக் கீழே வைத்துவிடுவாள். மறுபரிசோதனைக்கு முந்தைய வாரம் வீடு முழுக்க ஒரு மௌனம் வரும். இன்றும் வருகிறது. அந்த வாரத்தில் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுந்தால், தேதி நெருங்குகிறது என்று இப்போது எங்களுக்கே புரிந்துவிடுகிறது.

இந்த மாதக் காலண்டரில் 18-ஆம் தேதிக் கட்டத்தில் அப்பாவின் பென்சில் ‘செக்கப்’ என்று எழுதியிருக்கிறது. அதற்கு மேலே சிலிண்டர் பதிந்த தேதி. கீழே இரண்டு கோடு, அன்றைக்கு ஒரு லிட்டர் பால்.