கூடாரவாசத்துக்கு ஏற்ற இடம்

வீட்டைவிட்டுப் புறப்பட்டுச் சில நாள் வெட்டவெளியில் தங்கி வருதல் நம் நாட்டார்க்குப் புதிய வழக்கமன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டு, கான்யாற்றின் பக்கத்தே புதர்களை வெட்டித் திருத்தி, முள்வேலி வளைத்து அமைத்த பாசறை ஒன்றை நம் கண்முன் நிறுத்துகின்றது. நீரை அடுத்திருத்தல், நிலத்தைத் துப்புரவாக்கல், காவல் செய்தல் என்னும் மூன்றும் அதனுள் அடங்கியுள்ளன. மேனாட்டில் 1901-ஆம் ஆண்டில் தாமஸ் ஹைராம் ஹோல்டிங் என்பவர் கூடாரவாசிகளுக்கென்றே ஒரு சங்கம் தோற்றுவித்தார். 1907-இல் பேடன் பவல் என்னும் தளபதி பிரௌன்ஸீ தீவில் சிறுவர் சிலரைக் கூட்டிக் கூடாரமடித்துத் தங்கியதே சாரணர் இயக்கத்துக்கு வித்தாயிற்று. இன்று பெற்றோரும் பிள்ளைகளுமாகக் குடும்பத்தோடு கூடாரவாசம் செய்ய விரும்புவார் நம்மவருள்ளும் பலர் உளர்.

ஆயினும், கூடாரத் துணியின் தரத்தைப் பலமுறை தடவிப் பார்த்து வாங்குவோர், அதை அடிக்கும் நிலத்தை ஒருமுறையேனும் சுற்றிப் பார்ப்பது அரிது. கண்ணுக்கு அழகாயிருந்தால் போதும் என்று எண்ணுகின்றனர். அழகு வேண்டுவதே, எனினும் குடிக்கும் நீர் அண்மையிலும், அடித்துச் செல்லும் நீர் எட்டாத தொலைவிலும் இருக்கும் இடமே நல்ல இடம். காஞ்சிமாநகரைச் சூழ்ந்த நிலத்தையே உதாரணமாகக் கொண்டு இதனை விளக்க முயலுவோம்.

காஞ்சியார் வெளியிடம் சென்று தங்கும் நாள்களில் இரண்டு சிறப்புடையன. தை மாதத்தில் மாட்டுப்பொங்கலன்று வரதராஜப் பெருமாள், செங்கற்பட்டுச் சாலையில் ஏறக்குறைய 12 மைல் தொலைவிலுள்ள பழைய சீவரத்துக்குப் பார்வேட்டை எழுந்தருளுகிறார். குன்றின்மேலுள்ள மண்டபத்தில் தங்கியபின், ஆற்றைக் கடந்து திருமுக்கூடல் சேருகிறார். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் அது. பதினோராம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் அங்கே 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்று இருந்ததை அக்கோயிற் கல்வெட்டுக் கூறுகின்றது. மற்றொன்று சித்திரா பௌர்ணமி. அன்று பெருமாள் ஐயங்கார்குளத்து நடவாவிக்கு எழுந்தருளுகிறார். படிகளின் வழியே நிலத்துள் இறங்கிச் செல்லும் அக்கிணற்று மண்டபத்து நீரை முன்னதாகவே இறைத்துவிடுவர். அதன்பின் பாலாற்று மணலில் மக்கள் கூடுவர். சிறு குழந்தை முதல் முதியோர் வரை குடும்பம் குடும்பமாகக் கட்டுச்சோற்று மூட்டையுடன் செல்லும் நாள்கள் இவை.

இவ்விரண்டு விழாக்களும் தையிலும் சித்திரையிலும் வருவதை வாசகர் கவனிப்பாராக. சமயம் பற்றி வகுத்த நாள்களேயாயினும் அவை ஆற்றின் போக்கோடு பொருந்தியிருக்கின்றன. நம் நாட்டுக்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று. ஐப்பசியும் கார்த்திகையும் அதற்குரிய மாதங்கள். அப்போது மணலை நாடுவாரில்லை. மலையாள நாட்டில் பம்பையாற்று மணலில் 1895 முதல் நடந்துவரும் மாராமண் கிறிஸ்தவ மகாநாடும் மழை ஓய்ந்த பெப்ருவரி மாதத்திலேயே கூடுகின்றது. ஆதலின் இடம் தேர்வதற்கு முன் காலம் தேர்தல் வேண்டும்.

நிற்க. பாலாறு பெரும்பாலும் வறண்டு கிடப்பது. அகன்ற வெண்மணல் காண்பார் மனத்தைக் கவரும். கல்லும் முள்ளும் இல்லை, முளை அடிப்பதும் எளிது. ஆனால் அவ்வாறு கன்னடநாட்டு நந்திமலைப் பக்கத்தே தோன்றி, ஆந்திர நாட்டினூடே வந்து, ஏறக்குறைய 348 கிலோமீட்டர் ஓடி, வயலூருக்கு அருகே கடலில் கலக்கின்றது. நம் தலைக்குமேல் வானம் தெளிந்திருக்கும்போதே, நாம் காணாத மலைகளில் பெய்த மழை நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கலாம். 1903 நவம்பரில் மேற்றிசையில் ஏரிகள் உடைந்து பாலாறு பெருகியபோது வாணியம்பாடியில் உயிர்ச்சேதம் மிகுதியாயிற்று. 2021 நவம்பரிலும் அவ்வாறு இரு கரையும் புரள ஓடியது. எத்தனை ஆண்டு வறண்டிருந்தாலும் ஆறு தன் வழியை மறப்பதில்லை. மணலின்மேல் வீடு கட்டிய புத்தியில்லாத மனிதனைப் பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமையைப் பலரும் அறிவர். பாலஸ்தீனத்து ஓடைகளும் நம் பாலாற்றைப் போலவே கோடையில் வறண்டு, மழையில் திடீரெனப் பெருகுபவை என்பதை நினைத்தால் அவ்வுவமையின் கூர்மை நன்கு விளங்கும்.

ஆகவே பகலில் மணலில் பிள்ளைகள் விளையாடட்டும்; இரவில் தூங்குமிடம் கரைமேல் இருக்கட்டும். கரையிலும் எவ்வளவு உயரம் போதும் என்பதை அறிய வழியுண்டு. முன்னைய வெள்ளம் கொணர்ந்த செத்தையும் வைக்கோலும் மரக்கிளைகளில் சிக்கியிருக்கும். அந்த அடையாளத்துக்கு மேலேயே கூடாரம் அடித்தல் வேண்டும். தெளிந்த நீர் கலங்கினாலும், சுள்ளியும் நுரையும் மிதந்து வந்தாலும், தொலைவில் இரைச்சல் கேட்டாலும், சாமான்களைக் கட்டிக்கொண்டிராமல் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறுவதே அறிவுடைமை. பாத்திரத்தை மீண்டும் வாங்கிக்கொள்ளலாம்.

ஏரிக்கரைக்கும் இவ்விதி பொருந்தும். பழைய செங்கற்பட்டு ஜில்லாவை ஏரிகளின் ஜில்லா என்று சொல்லுவது வழக்கம். தென்னேரி போன்ற பேரேரிகளின் பக்கம் மாலைக்காட்சி மிக இனியது. ஆனால் கரையின் கீழ்ப்புறத்திலும், மிகுநீர் வழியும் கலிங்கலுக்கு எதிரிலும் தங்குதல் ஆகாது. மண்ணையும் பார்த்தல் வேண்டும். களிமண் நிலம் சிறு தூறலிலும் சேறாகிவிடும். சரளை கலந்த செம்மண் மேடு நீரை உடனே உள்வாங்கி உலர்ந்துவிடும்.

இனிக் குடிநீர். முற்காலத்தில் பாலாற்று மணலைக் கையால் தோண்டி ஊற்றுநீர் எடுத்துப் பருகினர். இன்று அவ்வாறு செய்தல் தகாது. மேல்பாலாற்றுத் தோல் பதனிடும் சாலைகளின் கழிவு ஆற்றிலும் நிலத்தடி நீரிலும் கலந்ததைக் குறித்து 1996-இல் உச்சநீதிமன்றமே தீர்ப்புக் கூறியுள்ளது. காய்ச்சுவதால் கிருமிகள் சாகும். கரைந்துள்ள உப்புகளும் உலோகங்களும் போகா. ஆதலின் குடிநீரை வீட்டிலிருந்தே கொண்டுசெல்லுதல் நலம். இன்றேல் ஊரார் நாள்தோறும் குடிக்கும் கிணறோ குழாயோ அருகில் இருக்கிறதா என்று விசாரித்தல் வேண்டும். மலசலத்துக்குரிய இடம் நீர்நிலைக்கு 100 அடியேனும் அப்பால், தாழ்ந்த பக்கத்தில் அமைய வேண்டும்.

நிழலுக்கு மாந்தோப்புச் சிறந்தது. தென்னையின்கீழ் நெற்றும் மட்டையும் விழும். தனித்து நிற்கும் பனையை இடி தாக்கும். பட்டுப்போன கிளையுள்ள எந்த மரமும் அபாயமே. கற்குவியல், புற்று, வைக்கோற்போர், நெல்வயல் வரப்பு ஆகியவற்றை விட்டு விலகியிருத்தல் நன்று. எலியுள்ள இடத்தைப் பாம்பு தேடி வரும். அவற்றுள் கட்டுவிரியன் இரவில் திரிவது. தரையில் உறங்குவோரைக் கடிக்கும். கடித்த வலியும் அதிகம் தெரியாது. கொசுவலையைப் பாயின் அடியில் நன்றாகச் செருகிப் படுத்தால் பெரும்பாலும் தப்பலாம். கடிபட்டால் கீறுவதும் கட்டுவதும் மந்திரிப்பதும் விடுத்து, அவ்வுறுப்பை அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோதல் வேண்டும். விஷமுறிவு மருந்துக்குரிய நஞ்சைச் சேகரித்துத் தருபவர்களுள், கடற்கரையோரமாகிய வடநெம்மேலியில் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து உழைத்துவரும் இருளர் மக்கள் முக்கியமானவர்கள் என்பதையும் நாம் நன்றியோடு நினைத்தல் தகும்.

இத்தனையும் அறிந்தபின்னும் ஒரு கேள்வி எஞ்சுகின்றது. இடம் நல்லதா என்பதை யாருடைய அளவைக்கொண்டு தீர்மானிப்பது? இளைஞர் நால்வர் செல்லும்போது செங்குத்தான பாறையும் இன்பமே. குடும்பமாகச் செல்லும்போது, அக்கூட்டத்தில் மிக முதியவரும் மிக இளையவருமே அளவுகோல். பாட்டி இரவில் எழுந்து நடக்க வல்ல நிலமா? குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் வண்டி வரும் சாலை அருகில் உண்டா? இவற்றுக்கு விடை வேண்டும். அன்றியும் நீர் எடுக்கும் இடம் அரை மைல் தொலைவில் இருக்குமாயின் அதைச் சுமப்பவர் யார் என்றும் கேட்டல் வேண்டும். பெரும்பாலும் தாய்மாரே சுமக்கின்றனர். மற்றவர்க்கெல்லாம் ஓய்வாயிருக்கும் நாள் அவர்களுக்கு மட்டும் இருமடங்கு உழைப்பாய் முடியுமானால் அது குடும்ப உல்லாசமாகாது.

காஞ்சி நெசவாளர் இல்லங்களை நினைத்துப் பார்ப்போம். உடலும் கரையும் வெவ்வேறு நிறமான கோர்வைப் புடவைக்குத் தறியில் இருவர் கை வேண்டும். பெண்டிரும் பிள்ளைகளும் நூலிழைத்தும் தார் சுற்றியும் உடனுழைப்பர். ஒரே கூரையின்கீழ் வேலையும் வாழ்வும் நடக்கும் அத்தகைய வீட்டாருக்கு எல்லாருமாக வெளியே சென்று இரண்டு நாள் இருப்பது எளிதில் கிட்டாத பேறு. கிட்டிய அந்த இரண்டு நாளும் இடத்தின் குறையால் கெடலாகாது.

கடைசியாக, நாம் தங்கும் நிலம் பிறருடையது என்பதை மறத்தலாகாது. தோப்புக்கு உடையவர் உண்டு. காட்டுக்கு வனத்துறை உண்டு. அனுமதியின்றி நுழைதல் கூடாது. வேடந்தாங்கல் ஊரார் தம் ஏரிப் பறவைகளைக் காக்கும் உரிமையை 1798-லேயே கலெக்டரிடம் எழுதி வாங்கினர். பறவைகள் கூடுகட்டும் அத்தகைய இடத்தில் பார்த்துவிட்டுத் திரும்புவதே முறை. கூடாரமும் அடுப்பும் அங்கே வேண்டா. எங்குத் தங்கினாலும் அடுப்பை நீரூற்றி அவித்து, குப்பையைக் கட்டிக் கையோடு கொண்டுவருதல் விருந்தாளியின் கடமை.

விடுமுறைக்குக் குடும்பத்தோடு புறப்படும் நண்பர்கள் வானிலை அறிக்கையைக் கேட்டபின், பொழுது சாய இரண்டு மணி நேரத்துக்கு முன்னதாகவே இடம் சேர்வார்களாக. கூடாரத்தை அவிழ்க்குமுன், நீர் எங்கிருந்து வரும், எவ்வழி போகும் என்று அந்நிலத்தை ஒருமுறை சுற்றிப் பார்ப்பார்களாக. அந்தக் கால்மணி நேரத்தைச் செலவிட்டவர் அன்றிரவு கவலையின்றி உறங்குவர்.