சன்னலில் தொலைந்த மேகம்

நண்பகலில் வீட்டுக்குள் நின்றுகொண்டு, திறந்த சன்னலைப் படம் பிடித்திருக்கிறீர்களா? அறை தெளிவாக விழுந்தால் சன்னலில் வெறும் வெள்ளைதான். மேகம் தெரிந்தால் அறை கும்மிருட்டு. வெளியிலுள்ள ஒளி அறையைவிட நூறு மடங்குக்கு மேலும் இருக்கலாம் அல்லவா?

வெவ்வேறு ஒளியளவில் எடுத்த பல படங்களை இணைத்து, இரண்டையும் ஒரே படத்தில் எண்களாகப் பதிக்கும் முறையொன்றை 1997-இல் டெபெவெக், மாலிக் இருவரும் விளக்கினர். சிக்கல், அதை இணைய உலாவியில் திறக்கும்போதுதான். சாதாரணத் திரையில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே உண்டு. மிஞ்சியதை வெட்டினால் மேகம் போய்விடும்; எல்லாவற்றையும் ஒரே எண்ணால் வகுத்தால் அறை இருண்டுவிடும்.

ரெயின்ஹார்டு குழுவினர் 2002-இல் வெளியிட்ட வழியின் அடிப்படை உங்கள் கணக்கு நோட்டிலேயே அடங்கும். திரையின் உச்ச ஒளியை 1 என்று கொள்ளுங்கள். படத்திலுள்ள ஒளியளவை, அதனுடன் 1 கூட்டி வந்த எண்ணால் வகுக்க வேண்டும். 0.1 என்பது ஏறத்தாழ 0.09 ஆகும், 9 என்பது 0.9, 99 என்பது 0.99. எவ்வளவு பெரிய எண்ணைப் போட்டாலும் விடை 1-ஐத் தொடாது! இருண்ட மூலைகள் ஏறக்குறைய அப்படியே நிற்கின்றன. பளிச்சிடும் இடங்களே நெருக்கப்படுகின்றன.

இதனால் மேகம் சற்றுச் சோர்ந்துதான் தெரியும். கூடுதல் ஒளி காட்டும் புதிய திரையாக இருந்தால், உலாவி அதை அறிந்து, நெருக்குவதைக் குறைத்துக்கொள்ளலாம்.