ஊசி முனையில் ஒரு ஜர்னல்!

பி.காம். படித்தவனிடம் போய் ‘ஜர்னல்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘டெபிட் எது, கிரெடிட் எது?’ என்று கேட்பான். பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்தவனாக இருந்தால் ‘குறிப்பேடு’ என்பான். அன்றன்று நடந்ததை அன்றன்றே தேதி போட்டு எழுத வேண்டும், அடித்துத் திருத்தக் கூடாது, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மாதக் கடைசியில் மண்டை காயும். கணக்கு வாத்தியார் ஸ்கேலால் சொல்லிக் கொடுத்த பாடம் இது.

அதே பாடத்தை ஊசி நூலால் படிப்பேன் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை சார்!

விஷயம் இதுதான். ஒரு துணியில் பெரிய வட்டம் வரைந்து, அதைக் கடிகாரம் மாதிரி பன்னிரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பங்கு, ஒரு மாதம். ஒவ்வொரு நாளும் அன்று நடந்த ஒரே ஒரு சங்கதியைச் சின்னப் படமாகத் தைக்க வேண்டும். மழை பெய்ததா, ஒரு குடை. பல் பிடுங்கினீர்களா, ஒரு பல். வருடக் கடைசியில் துணி முழுக்க உங்கள் வருடம். உலகத்தில் பல ஊர்களில் சில வருடங்களாகவே நிறைய பேர் இப்படித் தைக்கிறார்கள்.

எனக்கு இதில் ஆசை வந்ததற்குக் காரணம் கலை ஆர்வம் என்று நினைத்தால் நீங்கள் ரொம்ப நல்லவர். வருடா வருடம் ஓசியில் வருகிற டைரியில் ஜனவரி 12-க்கு மேல் நான் எழுதியதே இல்லை. தமிழில் ‘நூல்’ என்றால் புத்தகமும்தான், இழையும்தான். புத்தகம் எழுதுவதை நூல் நூற்பதோடு ஒப்பிட்டு பவணந்தி முனிவர் நன்னூலிலேயே சொல்லிவிட்டார். சரி, அந்த நூல் ஓடவில்லை, இந்த நூலையாவது ஓட்டிப் பார்ப்போமே என்று 2024 ஜனவரி 1, திங்கட்கிழமை ஆரம்பித்தேன். லீப் வருடம் என்பதைக் கவனிக்கவில்லை. 366 படம்! (பிப்ரவரி 29-க்கு ஒரு தவளை தைத்தேன். தாவுகிற வருடமாயிற்றே!)

‘மேடத்துக்கு உடம்பு சரியில்லையா?’

எனக்கு ஜாகை விழுப்புரம். வாரத்தில் மூன்று நாள் திண்டிவனத்தில் ஓர் ஆபீஸுக்குக் கணக்கு எழுதப் போகிறேன். மற்ற நாட்களில் இந்த மாதிரி எதையாவது எழுதுகிறேன். விழுப்புரத்தில் ஏறினால் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம், அப்புறம் திண்டிவனம். எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற வண்டி கிடைத்தால் ஒரு படம் தைத்துவிடலாம். வண்டி குலுங்குகிற குலுங்கலில் விரலையும் சேர்த்துத் தைத்துக்கொள்ளலாம்.

முதல் வாரம் எதிர் சீட்டுக்காரர் ரொம்ப நேரம் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். விக்கிரவாண்டி தாண்டியதும் தாங்க முடியாமல் கேட்டுவிட்டார்: “சார், மேடத்துக்கு உடம்பு சரியில்லையா?”

இல்லைங்க, நானேதான் என்றேன். நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

அவருக்கு மேஜர் அலெக்ஸிஸ் காஸ்டாக்ளியைத் தெரிந்திருக்க நியாயமில்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் 1941-இல் ஜெர்மானியர்களிடம் பிடிபட்ட பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. சிறை முகாமில் பொழுது போகாமல், பழைய ஸ்வெட்டரைப் பிரித்த நூலில் அந்த டிசம்பரில் ஒரு துணி தைத்தார். சுற்றிலும் புள்ளியும் கோடுமாக அழகான பார்டர். ஜெர்மானியர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போய், பார்வைக்கே மாட்டி வைத்தார்கள். அந்தப் புள்ளியும் கோடும் மோர்ஸ் தந்தி மொழி! ‘கடவுள் மன்னரைக் காப்பாற்றட்டும்’ என்று ஒரு வரி. இன்னொரு வரியில் ஹிட்லருக்கு இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாத ஒரு வார்த்தை. ஒரு பயலும் கண்டுபிடிக்கவில்லை.

ஊசி பிடித்தவன் சாது என்று யார் சொன்னது?

இதற்கும் முன்னோடி உண்டு. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த கதையைச் சுமார் 70 மீட்டர் நீளத் துணியில் தைத்து வைத்திருக்கிறார்கள். பாயூ திரைச்சீலை என்று பெயர். அந்த வருடம் வானத்தில் தெரிந்த ஹாலி வால்நட்சத்திரம்கூட அதில் இருக்கிறது. நம் நீலகிரியில் தோடர் இனப் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகத் தைக்கிறார்களே, அதற்குப் பென்சில் கோடே கிடையாது. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே டிசைன் போடுகிறார்கள். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய வேலைப்பாடு அது. நானோ வட்டம் வரையக் காம்பஸ் தேடியவன்.

அம்மா என்கிற ஆடிட்டர்

எனக்குத் தையல் குரு அம்மா. திண்டிவனத்தில் எங்கள் பழைய வீட்டில் இருக்கிறாள். ஆபீஸ் நாட்களில் மத்தியானச் சாப்பாடு எனக்கு அங்கேதான். கல்யாணத்துக்கு முன்னால் அவள் தைத்த தலையணை உறை ஒரு ஜோடி உண்டு. ஒன்றில் ‘குட்’, இன்னொன்றில் ‘நைட்’. நடுவில் ஆளுக்கொரு கிளி. அப்பா போன பிறகு ‘நைட்’ பீரோவுக்குள் போய்விட்டது.

நான் முதல் படத்தை (ஒரு டீ கிளாஸ்) பெருமையாக நீட்டினேன். அம்மா முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். ஆடிட்டர் வவுச்சர் கேட்கிற மாதிரி.

“இன்னாடா இது, எலி கூடு கட்ன மாதிரி இருக்குது? முடிச்சே போடாத. நூல் நுனிய தையலுக்கு அடியில சொருகு.”

அவள் சொல்லிக் கொடுத்ததையும் நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். நாளைக்கே நீங்கள் ஆரம்பிக்கலாம்.

துணி வெறும் வெள்ளைக் காட்டன் போதும். ஆனால் முதலில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பிறகு சுருங்கும்போது உங்கள் ஜூன் மாதமும் சுருங்கும். 30 செ.மீ. விட்டத்துக்கு வட்டம் போட்டால் பரப்பு சுமார் 700 சதுர செ.மீ. 366-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 2 சதுர செ.மீ.கூட இல்லை. கட்டைவிரல் நகத்துக்குள் ஒரு நாளை அடக்க வேண்டும். வட்டத்தின் நடுவில் இடம் குறுகுவதால் வெளி ஓரத்திலிருந்து உள்ளே வாருங்கள். பெரிய ரிங் வேண்டாம், ஆறு அங்குல ரிங்கை நகர்த்தி நகர்த்தித் தைக்கலாம். ராத்திரி ரிங்கைக் கழற்றி வையுங்கள், தழும்பு விழும்.

எம்ப்ராய்டரி நூல் ஒரு கண்டு 8 மீட்டர். அதில் ஆறு இழை. ஆறையும் சேர்த்துக் கோத்தால் கயிறு திரித்த மாதிரி இருக்கும். இரண்டு இழை போதும். முழங்கை நீளத்துக்கு மேல் வெட்டாதீர்கள், சிக்கும். அடர் சிவப்பு நூலை ஈரமான வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துவிட்டுத் தையுங்கள், சாயம் இறங்கலாம். தையலும் நாலு போதும். கோட்டுக்கு பேக் ஸ்டிச், கொடிக்குக் காம்புத் தையல், பூவுக்கு லேசி டெய்சி, புள்ளிக்கு பிரெஞ்சு முடிச்சு. படம் வரத் தெரியாதே என்று பயப்பட வேண்டாம். என் ரயிலைப் பார்த்து என் மகள் ‘கம்பளிப்பூச்சி’ என்றாள். எனக்குத் தெரியும் அது ரயில் என்று. அது போதும்.

முக்கியமான விதி ஒன்று. தைக்க நேரமில்லாவிட்டாலும் அன்றைய படம் என்ன என்பதை அன்றே ஒரு நோட்டில் ஒரு வார்த்தை எழுதிவிடுங்கள். மார்ச் மாதக் கணக்கு முடிப்பில் பத்து நாள் பாக்கி விழுந்து, அந்த நோட்டுதான் என்னைக் காப்பாற்றியது.

மூன்று நீல நாட்கள்

வருடம் நன்றாகத்தான் ஓடியது. ஜூன் 29-இல் இந்தியா டி20 உலகக் கோப்பை ஜெயித்ததற்கு ஒரு கோப்பை. டிசம்பர் 12-இல் குகேஷ் உலக செஸ் சாம்பியன் ஆனதற்கு ஒரு ராஜா. நடுவில் அந்தப் புயல்.

நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரை ஏறியது. ஏறியதோ இல்லையோ, அங்கேயே உட்கார்ந்துகொண்டு கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர். டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தில் வெள்ளம் அபாயக் கட்டத்தைத் தொட்டதால் ரயிலை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் விழுப்புரத்தில். அம்மா தனியாகத் திண்டிவனத்தில். போன் போகவில்லை. இடையில் 40 கிலோமீட்டர்தான். அமெரிக்கா மாதிரி இருந்தது.

அந்த மூன்று நாளும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தைத்தேன். முதல் நாள் நீலக் கோடுகளுக்குள் ஒரு சின்ன வீடு. இரண்டாம் நாளும் அதே வீடு. மூன்றாம் நாளும். வேறெதுவும் தோன்றவில்லை.

நாலாம் நாள் போய்ச் சேர்ந்தேன். முழங்கால் உயரத்துக்குச் சுவரில் சேற்றுக் கோடு. அம்மா கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பரண் மேல் ஏற்றிப் பத்திரப்படுத்தியது ரேஷன் கார்டு, ‘நைட்’ தலையணை உறை, நூல் போட்டு வைக்கிற பிஸ்கட் டப்பா. “சாப்ட்டியா?” என்றுதான் கேட்டாள்.

கணக்கு டேலி ஆச்சு, ஆனா...

பொங்கல் லீவில் முழுத் துணியையும் விரித்தோம். குறிப்பேடு எழுதியாயிற்று என்றால் அடுத்து பேரேடு, அப்புறம் இருப்பாய்வு. பழக்கதோஷம்! எண்ண ஆரம்பித்தேன். சாப்பாடு 83. ரயில் 71. ஃபைல், கால்குலேட்டர் வகையறா 64. டீ 58. மனைவி, மகள் 41. கிரிக்கெட் 19. இதர இனங்கள் 25. கூட்டினால் 361. அஞ்சு குறைந்தது.

“அஞ்சு எங்கடா போச்சு?” என்றாள் அம்மா. கண்ணில் புரை. மூக்கு துணியில் உரசுகிற அளவுக்குக் குனிந்து தேடிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “நான் எங்கடா இருக்கேன்?” என்று கேட்டாள்.

அந்த அஞ்சுதான் அம்மா. அவள் பிறந்தநாள் ஒன்று, கண் டாக்டரிடம் போன நாள் ஒன்று, அந்த மூன்று வீடு. கணக்கு டேலி ஆகிவிட்டது. எனக்குத்தான் தொண்டையில் ஏதோ அடைத்தது. 83 சாப்பாட்டில் பாதிக்கு மேல் அவள் போட்டது. வத்தக்குழம்பைத் தைத்திருக்கிறேன், அப்பளத்தைத் தைத்திருக்கிறேன், பரிமாறிய கையைத் தைக்கவில்லை. புயல் வந்தால்தான் அம்மா கண்ணில் படுவாளா?

டைரியில் எழுதியிருந்தால் இது தெரிந்தே இருக்காது. ‘அன்புள்ள அம்மா’ என்று நாலு இடத்தில் அலங்காரமாக எழுதித் தப்பித்திருப்பேன். ஒரு நாளைக்கு ஒரே படம் என்றால் எதை எடுக்கிறோம், எதை விடுகிறோம் என்று நூல் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

அடுத்த பட்ஜெட்

புதுத் திட்டங்கள் நிறைய போட்டேன். விழுப்புரம் முதல் திண்டிவனம் வரை ஆறு ஸ்டேஷனும் வருகிற மாதிரி ஒரு ரயில் பாதை. தினமும் வெயிலின் அளவுக்குத் தகுந்த கலரில் ஒரே ஒரு கோடு, வருடத்துக்கு 365 கோடு (நம் ஊருக்குச் சிவப்பு நூல் மட்டும் மொத்த விலையில் வாங்க வேண்டும்). வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டு காந்தா என்று விரிப்பு செய்வார்களே, அது மாதிரி அம்மாவின் சேலைகளில் ஒன்று.

எல்லாம் அப்புறம். இப்போது கையில் இருப்பது பன்னிரண்டு சதுரத் துணி. மாதம் ஒன்று. அம்மா தன் வாழ்க்கையிலிருந்து ஒரு சங்கதி சொல்வாள், நான் தைக்க வேண்டும். அவள் படித்த பள்ளிக்கூடத்துப் புளியமரம், அப்பா முதன்முதலில் வாங்கி வந்த ரேடியோ என்று இதுவரை ஐந்து முடிந்திருக்கிறது. மத்தியானம் சாப்பிட்டதும் பத்து ஊசியில் நூல் கோத்து வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுத்தான் ஆபீஸுக்குத் திரும்புகிறேன். ஊசி கோக்கத்தான் அம்மாவால் முடியாது. கோத்துக் கொடுத்தால் விரலால் தடவியே காம்புத் தையல் போட்டுவிடுகிறாள்.

போன வாரம் ரேடியோவைக் காட்டினேன். வழக்கம்போலத் திருப்பினாள். பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

“ம்... முடிச்சு இல்ல” என்றாள்.

பாஸ்!